இரண்டு நாட்டில் வேலை செய்யும் ஓவியர்கள்: எந்த ஊர் எதைக் கொடுத்தது?

கோத்தகிரி டிராயிங் டீச்சர்

வணக்கம். இங்கே ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளில் யாராவது ஒருத்தி கவின்கலைக் கல்லூரிக்குப் போக ஆசைப்படுவாள். "படம் வரைஞ்சா யாரு சோறு போடுவா" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு நான் பழகிவிட்டேன். பிள்ளைகள் கேட்கிற கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது: "வெளிநாடு போனாத்தான் பேர் வருமா டீச்சர்?"

வகுப்பில் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது வி. விஸ்வநாதனைத்தான். 1940இல் கொல்லத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1968இல் பாரிஸ் போனார். அதற்கப்புறம் பாரிஸ், சோழமண்டலம் என்று இரண்டு இடத்திலும் வாழ்ந்து வரைந்தவர்.

வெளிநாடு போனவர்களை "போனவர் போயிட்டார்" என்று கணக்கு முடித்துவிடுவது நம் பழக்கம். இவர் விஷயத்தில் அது பொருந்தாது. பாரிஸில் காலூன்றிய பிறகு, 1976இல், இந்தியக் கடற்கரையோரமாகப் பயணம் செய்து ஊர் ஊராக மணல் சேகரித்தார். அதையே ஒரு திரைப்படமாகவும் எடுத்தார். பாரிஸில் அவருக்கு வண்ணக் கடைகளுக்குக் குறைச்சலில்லை. ஆனாலும் கையில் பிடித்துப் பார்க்க இந்த மண்தான் வேண்டியிருந்தது. அவர் படங்களில் பெரும்பாலானவை கேசின் வண்ணத்தில் செய்தவை. கேசின் என்றால் பாலில் இருக்கிற புரதம். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு அதில் வராது. சுவருக்கு வெள்ளையடித்து வெயிலில் காய்ந்தபின் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு அடக்கம்.

இன்னொருவர் எஸ்.எச். ரஸா. 1950இல் பிரான்ஸ் போய், 60 வருடம் அங்கேயே இருந்து, 2010இல்தான் திரும்பிவந்தார். அவர் படங்களில் உலகமே பேசிய அந்தக் கறுப்புப் புள்ளி எங்கிருந்து வந்தது? மத்தியப் பிரதேசக் கிராமத்துப் பள்ளியில், அலைபாய்ந்த பையனை ஒரு ஆசிரியர் சுவரில் இருந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாராம். அந்த ஆசிரியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் கருத்து இதுதான். ஒருவர் இரண்டு நாட்டில் இருந்துகொண்டு வரைகிறார் என்றால், அவர் படத்தைப் பார்க்கும்போது எந்த ஊர் எதைக் கொடுத்தது என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பாரிஸ் காட்சிக்கூடத்தையும் விற்பனையையும் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, மணலையும் புள்ளியையும் "உத்வேகம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது. நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

குன்னூர் போர்டு கடை

டீச்சர், நீங்கள் இங்கிருந்து போனவர்களைச் சொன்னீர்கள். அங்கிருந்து இங்கே வந்த ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன். பல வருடமாக மனதில் இருப்பது.

ஃபிரான்செஸ்கோ கிளெமென்டே. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர், 1952இல் பிறந்தவர். 1973இல் முதல்முறை இந்தியா வந்தார். பிறகு குடும்பத்தோடு சென்னையில் வந்து தங்குவது வழக்கமாகிவிட்டது. அடையாறு பிரம்மஞான சபை நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். 1980இல் வெனிஸ் பியென்னாலே என்கிற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சி, 1981இல் நியூயார்க் குடியேற்றம், 1999இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி என்று போன வாழ்க்கை. 1990இல் பிலடெல்பியாவில் நடந்த அவருடைய கண்காட்சிக்கு 'மூன்று உலகங்கள்' என்று பெயர் வைத்தார்கள். இத்தாலி, நியூயார்க், அப்புறம் நம்ம சென்னை.

அவர் சென்னையில் போர்டு எழுதுகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். எனக்குக் கொக்கி போட்டது இந்த இடம்தான். எங்கள் அப்பா குன்னூரில் போர்டு எழுதியவர். டீ எஸ்டேட் போர்டு, பேக்கரி போர்டு, லாரிக்குப் பெயர், எல்லாம்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு. காய்ந்ததும் வெள்ளை இரண்டு கோட். அப்புறம் நீலப் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். அதன்மேல் சாக்பீஸால் எழுத்து. அப்புறம்தான் எனாமல். அணில்முடி பிரஷ், இடது கையில் ஒரு குச்சி, நுனியில் துணி உருண்டை. அந்தக் குச்சியைப் போர்டில் ஊன்றி அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்வார். 'ழ'வின் கீழ்ச்சுழியை நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். நிறுத்தித் தொட்டால் ஒட்டுத் தெரிந்துவிடும். குன்னூர் மூடுபனியில் எனாமல் சீக்கிரம் காயாது. அதனால் கை தவறினால் துடைக்கலாம். சமவெளியில் அந்த வசதி இல்லை என்பார்.

முடிந்ததும் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரும் "குன்னூர்" என்றும் போடுவார். ஒரு எஸ்டேட் மேனேஜர் அதை அழிக்கச் சொன்னார். அப்பா அழித்தார். ஆனால் அந்த எஸ்டேட்டுக்கு அப்புறம் எழுதவே இல்லை.

கடைத்தெருவில் தொங்குகிற தகர போர்டில் எழுதியவர் பெயர் இருந்தது. அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிற படத்தில் கூட வேலை செய்தவர் பெயர் எங்கே? படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறார்களா?

ஊட்டி வாசகர்

கேட்டிருக்கிறார்கள் நண்பரே. ஆனால் கிளெமென்டேவை மட்டும் நிற்க வைத்துக் கேட்பது சரியாகாது. அவர் இந்த முறையை ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டார். அலிகியேரோ போயெட்டி என்ற மூத்த இத்தாலியக் கலைஞர், ஆப்கானியப் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைத் துணியில் தைக்க வைத்தவர். 1974இல் இருவரும் சேர்ந்தே ஆப்கானிஸ்தான் போனார்கள். ஒரே கை, ஒரே கலைஞன் என்ற பழைய எண்ணத்தை உடைக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்கு உண்மையான ஆசை.

ஜெய்ப்பூரில் சிற்றோவியக்காரர்களோடு 1980, 81இல் கிளெமென்டே செய்த 24 படங்கள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. உருவங்களுக்கான யோசனை அவருடையது, பழைய கையால் செய்த தாளில் நுணுக்கமாகத் தீட்டியது அவர்கள். இதை யாரும் மறைக்கவில்லை. அந்தத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வதே அதைத்தான்.

அப்புறம் ஹனுமான் புக்ஸ். 1986இலிருந்து 1993 வரை கிளெமென்டேயும் ரேமண்ட் ஃபாயும் நடத்திய குட்டிப் பதிப்பகம். உள்ளங்கைக்குள் அடங்குகிற புத்தகங்கள், நம் ஊர்க் கோயில் வாசலில் விற்கிற கந்தசஷ்டி கவசம் அளவு. அமெரிக்கக் கவிஞர்களை நியூயார்க்கில் தொகுத்து, சென்னையில் கலாக்ஷேத்ரா அச்சகத்தில் அச்சடித்தார்கள். அச்சடித்தவர் சி.டி. நாச்சியப்பன். அவர் பெயர் இன்றும் எல்லாருக்கும் தெரிகிறது. ஹனுமான் புக்ஸ் பற்றிய பேச்சில் அவர் இல்லாமல் இருப்பதே இல்லை. ஆக, கிளெமென்டே மற்றவர்கள் பெயரை விழுங்குகிறவர் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குன்னூர் போர்டு கடை

சார், நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது. நாச்சியப்பன் அச்சகம் வைத்திருந்தவர், கலாக்ஷேத்ரா என்ற நிறுவனம் பின்னால் இருந்தது. பெயர் நின்றது. ஜெய்ப்பூரில் தீட்டியவர்கள் "ஜெய்ப்பூர் ஓவியர்கள்". சென்னையில் எழுதியவர்கள் "போர்டு ஓவியர்கள்". முறையைச் சொன்னார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆட்களைச் சொல்லவில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரோடு

கூலி கொடுத்து வாங்கிய வேலைக்கு எதற்குப் பெயர்? கட்டடத்தில் கொத்தனார் பெயரா இருக்கிறது? சினிமா பேனரில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும், ஏணியில் நின்று கன்னத்துக்கு வண்ணம் வைத்த பையன் பெயர் இருக்காது. யோசனை யாருடையதோ அவர் பெயர்தான் நிற்கும்.

கோத்தகிரி டிராயிங் டீச்சர்

பேனர்க்காரப் பையன் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அது இல்லாமல் போனதால் இன்று அந்தக் கலையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

கிளெமென்டேவின் 1980ஆம் வருடத்துப் படங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவை எனக்கு மிகவும் பிடித்தவை. பாண்டிச்சேரியில் கையால் செய்த தாள்கள். ஒரு தாள் சின்னது. அதனால் பல தாள்களை அடுக்கி, இடையில் பருத்தித் துணிப் பட்டை வைத்து ஒட்டி, ஆளுயரத்துக்கும் மேலான ஒரே பரப்பாக்கினார். 'இரு ஓவியர்கள்' என்று ஒரு படம், ஒன்பது தாள். இணைப்புக் கோடுகள் படத்தின் குறுக்கே அப்படியே தெரியும். இந்தப் படத்தில் பாண்டிச்சேரியை யாரும் உத்வேகம் என்று சொல்ல முடியாது. படம் நிற்பதே அந்தத் தாளின்மேல்தான், அளவையும் வடிவத்தையும் தீர்மானித்ததும் அந்தத் தாள்தான். பஞ்சுக்கூழை வாருகிற சட்டத்தின் அகலம் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு தாள். கூழை வாரியவர் கை அந்தப் படத்துக்குள் இருக்கிறது. நான் முதல் பதிவில் சொல்ல வந்தது இதைத்தான்.

சோலூர்மட்டம்

இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னை, ஜெய்ப்பூர் எல்லாம் சரி. நம் காலடியில் நடப்பதையும் பேசலாமே.

நம் நீலகிரியில் வெள்ளரிக்கொம்பை ஊர் ஆலு குறும்பர் பழங்குடி மக்களின் ஓவியம் இங்கே எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தேன் எடுக்கப் பாறையில் இறங்குவது, அறுவடை, சுற்றி நின்று ஆடுவது, இவைதான் படங்கள். எரிந்த குச்சியால் கோடு. செம்மண் சிவப்புக்கு, வெள்ளை மண் வெள்ளைக்கு, கரி கறுப்புக்கு, காட்டவரை இலை பச்சைக்கு. முன்பு கோயிலைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்து ஆண்கள் சுவரில் வரைவார்கள், பெண்கள் வாசலையும் ஜன்னலையும் சுற்றிக் கரை கட்டுவார்கள். எழுத்துப்பாறையில் இருக்கும் பழைய பாறை ஓவியங்கள் தங்கள் முன்னோர் வரைந்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. தாளுக்கு வந்ததும் மரப்பிசினின் பழுப்பு நிறம் பெரிதாக இடம் பிடித்தது. குறும்பர் ஓவியர் கிருஷ்ணனின் பெயர் வெளியூர்வரை போனது அந்தத் தாள் ஓவியங்களால்தான்.

இப்போது வெளிநாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஓவியர்கள் வருகிறார்கள். வரட்டும். இரண்டு நாள் உட்கார்ந்து பிசின் எப்படிக் கரைக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அப்புறம் அவர்கள் படத்தில் அந்தப் பழுப்பு வந்துவிடுகிறது. பழங்குடி மக்களின் வண்ணம் என்று ஒரு வரி எழுதினால் கடமை முடிந்தது. எந்த ஊர், யார் வீட்டில் உட்கார்ந்து கற்றார்கள் என்பது வருவதில்லை. யோசனை யாருடையதோ அவர் பெயர் நிற்கட்டும் என்று மேட்டுப்பாளையம் நண்பர் எழுதினார். பிசினைக் கரைக்கிற யோசனை யாருடையது?

மேட்டுப்பாளையம் ரோடு

அந்தக் கேள்வி நியாயம்தான். குறும்பர் விஷயத்தில் நான் சொன்னது பொருந்தாது. கூலி வேலைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போர்டு விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

லியோன் – வெலிங்டன்

நான் குன்னூர் வெலிங்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வருடத்தில் பாதி பிரான்ஸில், பாதி இங்கே. ஓவியம்தான் தொழில். பெரிய பெயர்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு வேறு சில விஷயங்கள் இருக்கின்றன டீச்சர்.

முதலில் மழை. ஊட்டி, கூடலூருக்கு ஜூன் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் தாளில் வரைந்தால் பூஞ்சை வராமல் காப்பாற்றுவதே தனி வேலை. கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் கண்ணாடிக்குள்ளேயே புள்ளி புள்ளியாகப் படரும். அதனால் அந்த மாதங்களில் நான் இங்கே தாளைத் தொடுவதில்லை. என் வருடம் எந்த நாட்டில் எப்போது என்பதை முடிவு செய்வது இந்த மழைதான். பிரெஞ்சுக் காட்சிக்கூடக்காரர்களுக்கு இது புரிய வைக்க நாளாயிற்று.

இரண்டாவது, படத்தைக் கொண்டுபோவது. 100 வருடத்துக்கு மேற்பட்டது தொல்பொருள், 1972ஆம் வருடத்துச் சட்டப்படி வெளியே போகக் கூடாது. நம் படம் நேற்று வரைந்ததாக இருந்தாலும் சுங்கத்தில் இது பழையது இல்லை என்று நிரூபிக்கச் சொல்லலாம். படத்தின் பின்பக்கம் தேதி, ஊர், பெயர் எழுதிவைக்கப் பழகிக்கொள்ளுங்கள். அம்ரிதா ஷெர்கில் போல ஒன்பது ஓவியர்களின் படங்கள் கலைச் செல்வம் என்ற பட்டியலில் இருக்கின்றன, அவை எந்த வயதானாலும் நாட்டை விட்டுப் போக முடியாது. ஷெர்கில் புடாபெஸ்டில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர், 1934இல் இங்கே திரும்பி வந்தவர் என்று நினைத்தால், எந்த நாட்டு ஓவியர் என்ற கேள்விக்கு அரசாங்கமே பதில் எழுதிவிட்டது என்று தோன்றும். உள்ளூர் விற்பனைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்தது, அது நல்ல சேதி.

மூன்றாவதுதான் கஷ்டமானது. அங்கே இருக்கும்போது "இதில் இந்தியா எங்கே" என்று கேட்பார்கள். தேயிலைச் சரிவு ஒன்று வரைந்துகொடுத்தால் உடனே விற்கும். இங்கே வந்தால் "வெளிநாட்டு ஸ்டைல் வந்துடுச்சே" என்பார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே போனால் படம் அஞ்சலட்டை ஆகிவிடும். நான் தேயிலையை வரைவதை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தது மூடுபனியில் சுவர் எப்படி நிறம் மாறுகிறது என்பதுதான். ரயில்வே ஸ்டேஷன் சுவர், ராணுவக் குடியிருப்புச் சுவர், கறுத்துப் பச்சையேறிய மதில். மெதுவாக விற்கிறது. வாங்குகிறவர்கள் திரும்ப வருகிறார்கள்.

பெயர் விஷயத்தில் போர்டு கடை நண்பர் சொல்வதுதான் சரி. எனக்குச் சட்டம் அடித்துக் கொடுப்பவர் குன்னூர் மரக்கடையில் இருக்கிறார். பிரான்ஸில் லியோன் நகரத்தில் என் படங்களைக் காட்டும்போது பெயர்ச் சீட்டில் அவர் பெயரையும் போடச் சொன்னேன். ஒரு காட்சிக்கூடத்தில் முடியாது என்றார்கள், இன்னொன்றில் போட்டார்கள். இதனால் என் பெயர் குறையவில்லை, விலையும் குறையவில்லை.

ஊட்டி வாசகர்

வெலிங்டன் நண்பரே, அந்தக் கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை. கிளெமென்டே தலைமுறையை நாம் இப்போது திருத்த முடியாது. ஆனால் சென்னையில் அந்தக் காலத்தில் அவரோடு வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இருக்கலாம். யாராவது தேடிப் பேட்டி எடுத்து எழுத வேண்டும். அவரைப் பழிப்பதற்காக இல்லை. 'ழ'வை ஒரே இழுப்பில் போடத் தெரிந்த ஒருவர், இத்தாலிக்காரர் சொன்ன உருவத்தை எப்படிப் புரிந்துகொண்டு வரைந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை.

குன்னூர் போர்டு கடை

சார், அப்படி யாராவது கிளம்பினால் நானும் வருகிறேன். கேட்கத் தெரியாவிட்டாலும், அவர்கள் சொல்லும்போது எந்த பிரஷ், எந்த கோட் என்று எனக்குப் புரியும். அப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, எழுதுவதில்லை. ஆனால் சென்னையில் எந்தெந்தத் தெருவில் யார் யார் எழுதினார்கள் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

கோத்தகிரி டிராயிங் டீச்சர்

அப்பாவிடம் கேட்டு அந்தப் பெயர்களை இங்கேயே எழுதிவையுங்கள் தம்பி. தாமதிக்க வேண்டாம்.

சோலூர்மட்டம் நண்பருக்கு: பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் மண் நிறத்தில் வரைந்தவை இருக்கின்றன. எந்த ஊரில், யார் வீட்டில் கற்றது என்று சீட்டில் எழுதப்போகிறேன். அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பதால் முதலில் நேரில் போய்ப் பார்க்கிறேன். நீங்கள் கூட வந்தால் நன்றாக இருக்கும்.

லியோன் தம்பி, ஒரு சின்னச் சந்தேகம். விஸ்வநாதன் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் கேசின் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் குளிரில் சரிவருமா?

லியோன் – வெலிங்டன்

வரும் டீச்சர். ஆடை நீக்கிய பாலை எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் வடிகட்டி, புளிப்பு போகிறவரை நல்ல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். அந்தக் கட்டியோடு கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்தால் சற்று நேரத்தில் பசையாக இளகும். அதில் தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடியைக் கலக்க வேண்டியதுதான். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள், மறுநாள் நாற்றமடிக்கும். கேசின் காய்ந்தால் விறைப்பாகிவிடும், கனமாக அடித்தால் வெடிக்கும். அதனால் மெல்லிய பூச்சாக, அட்டையில் ஒட்டிய தாளில் அடிக்கட்டும். சுண்ணாம்பில் சில நிறங்கள் வெளுத்துவிடும், மண் நிறங்கள் தாங்கும். அப்புறம் பால் புரதம் பூஞ்சைக்கு விருந்து. அக்டோபர் மழைக்கு முன்னால் செய்து காயவைத்துவிடுங்கள்.

சோலூர்மட்டம்

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை காலை போகலாம். நான் முன்னாடியே ஆள் சொல்லி அனுப்புகிறேன். தேன் சீசன் என்றால் ஆண்கள் காட்டுக்குப் போயிருப்பார்கள், அதையும் விசாரித்துச் சொல்கிறேன்.